ஓட்டுநர் பக்கம்

சட்பரியில் ஏப்ரல். பனி போய்விட்டது,
உப்புப் போகவில்லை.
என் டகோமாவின் முன் ஷொக் இரண்டும்
எண்ணெய் கக்கிக் கறுத்துத் தொங்குகின்றன.
கிங்ஸ்வேயில் ஒரு குழி வந்தால்
பாதிக் கோப்பி என் மடியில்.

புதுச் சோடி எண்ணூறு டொலர். வரி வேறு.
"ஃபோர்ரன்னருடையது பொருந்தும்,"
என்றார் பெக்கா, செத்த வண்டிகளைப் பிரித்து விற்பவர்.
"மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட்.
உடம்புதான் வேறு. கால் ஒன்று."

கதவுகள் கதவுகளாய் அடுக்கிய சந்து வழியே
கூட்டிப் போய்க் காட்டினார்.
சாம்பல் நிறம். இரண்டாயிரத்துப் பதினொன்று.
அறுபத்தொன்பதாம் நெடுஞ்சாலையில் லொறி இடித்து
பின்பாதி இல்லை.
"உள்ளே இருந்தவர்கள்?"
"இறங்கி நடந்து போனார்கள்."
எந்த வண்டியைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாராம்,
பிறகு கேள்விப்பட்டேன்.

கழற்றிச் சேற்றில் கிடத்தினார்.
சோடி என்றால் சோடியில்லை.
ஒன்றின் ஸ்பிரிங் ஒரு விரற்கடை உயரம்.
"அது ஓட்டுநர் பக்கம். ஓட்டுகிறவர்
எப்போதும் இருப்பார் அல்லவா?"

கம்பனி கணக்குப் பார்த்திருக்கிறது.
இந்தப் பக்கம் ஓர் ஆள், நிச்சயம்.
அந்தப் பக்கம்
இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
அதற்கேற்ப இரும்பைச் சுருட்டியிருக்கிறது.

ஆனால் இந்த வண்டியில்
தளர்ந்து ரப்பர் நசுங்கிக் கிடந்தது மற்றதுதான்.
யாரோ ஒருவர் வருசக்கணக்காய்
பக்கத்தில் இருந்து வந்திருக்கிறார்.
பாரமான ஆள்.
பெரிய நாயாகவும் இருக்கலாம்.
என் வண்டியில் அந்த இடத்தில் போய்வருவது
ஒரு குடை, கொஞ்சம் பார்க்கிங் ரசீது.
கசிவில்லையே, போதும் என்றேன்.
நூற்றிருபது சொன்னார். நூறு கொடுத்தேன்.
மஞ்சள் சோக்கால் இடது, வலது எழுதித் தந்தார்.

ஞாயிறு காலை டிலக்சனைக் கூப்பிட்டேன்,
என் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற பெடியன்.
இரவு வேலை முடித்துத் தூங்காமலே வந்தான்.
கீழ் போல்ட் அசையவில்லை.
எண்ணெய் தெளித்தோம், நெருப்புக் காட்டினோம்,
இரும்புக் குழாயைச் செருகி அவன் ஏறி நின்றான்.
பதினாலு குளிர்காலத்து உப்பு
ஒரு கத்துக் கத்திவிட்டு
இடம் கொடுத்தது.

இடையில் மழை.
ஒதுங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம்.
மேலே மூன்று, கீழே ஒன்று.
பெக்கா சொன்னது சரி, சறுக்கிக்கொண்டு போய் இருந்தது.
ஜாக்கை இறக்கினோம். தள்ளி நின்று பார்த்தோம்.
வண்டி என் பக்கமாய்ச் சரிந்து நின்றது,
ஒரு காதால் கேட்பதுபோல்.

"அக்கா, மாறிப் போச்சு," என்றான்.
மழையில் சோக்கு எப்போதோ கழுவுப்பட்டிருந்தது.
"திரும்பக் கழட்டுவமா?"
மணி ஆறு. விரல்கள் என் விரல்களாக இல்லை.
"ஓடிப் பாத்துச் சொல்லுறன்."

ஓடினேன். கோப்பி கோப்பையிலேயே இருக்கிறது.
தேசிக்காய் வாங்கினால் மட்டும்
உருண்டு உருண்டு என்னிடம் வருகிறது.
அந்தப் பக்கத்து இருக்கை சற்றே உயர்ந்து
ஒரு பாரத்துக்குப் பார்த்திருக்கிறது.

போன சனி ஸ்காபரோவில்
இருபது கிலோ சிவப்பரிசி இரண்டு மூட்டை.
பின்னால் நனையும் என்று முன்னால் ஏற்றினேன்.
கெராஜ் கதவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்:
வண்டி நேராக நின்றது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.
கிளம்பினால் மணி அடிக்கிறது.
பெல்ட் போடு, பெல்ட் போடு என்று
அரிசிக்கு.

ஓரம் கட்டி, குறுக்கே இழுத்து, மாட்டிவிட்டேன்.
வடக்கே நாலு மணித்தியாலம்.
பரி சவுண்ட் தாண்டியதும் கறுப்புப் பாறைகள் தொடங்கின.
"அங்க பார்" என்று
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

டிலக்சன் கேட்கிறான்,
வாற ஞாயிறு மாத்துவமா அக்கா?
வாற ஞாயிறு மழையாம், என்கிறேன்.